அவிந்த ஒளி சொன்ன செய்தி

மின்சாரக் கம்பியை நாம் அச்சமின்றித் தொடுகிறோம். அதன்மேல் போர்த்தியிருக்கும் பிளாஸ்டிக் உறை, மின்சாரத்தைத் தன் வழியே போகவிடாமல் தடுத்துவிடுகிறது. வகுப்பில் பிள்ளைகளுக்கு இதை ஆண்டுதோறும் சொல்லிக் கொடுக்கிறேன். மறுநாளே, அந்த இனத்தைச் சேர்ந்த பொருளைக் கொண்டு சூரிய வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றலாம் என்றால், "ஸார், நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறொன்று சொல்கிறீர்களே!" என்று அவர்கள் கேட்பது நியாயந்தானே? அதற்கு விடையாக ஓர் இளைஞரின் கதையைச் சொல்வது என் வழக்கம்.

துருக்கி தேசத்துக் கோன்யா நகரில் 1961-ல் பிறந்தவர் நியாஸி ஸெர்தார் ஸாரிசிப்ட்சி. இளமையில் இஸ்தான்புல்லில் பியானோ பயின்றவர். பின்னர் வியன்னா சர்வகலாசாலையில் பௌதிகம் கற்று, 1989-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ஜெர்மனியில் சிறிது காலம் ஆராய்ச்சி செய்துவிட்டு, காலிபோர்னியாவில் ஸான்டா பார்பராவிலுள்ள ஆலன் ஹீகரின் ஆராய்ச்சிச் சாலைக்கு வந்து சேர்ந்தார். பிளாஸ்டிக் இனமான பாலிமரும் தக்கவாறு பக்குவம் செய்தால் மின்சாரத்தைக் கடத்தும் என்று, ஷிரகாவா, மக்டையர்மிட் இருவருடன் சேர்ந்து 1977-ல் உலகுக்குக் காட்டியவர் ஹீகர். அதற்காக மூவருக்கும் 2000-ல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது.

மின்சாரத்தைக் கடத்துவது ஒன்று. ஒளியிலிருந்து அதைப் பிறப்பிப்பது வேறொன்று. இவ்வகைப் பாலிமரின்மேல் வெளிச்சம் பட்டால், அதிலுள்ள எலெக்ட்ரான் கிளர்ச்சியடைந்து எழுகிறது. ஆனால் வீட்டைவிட்டுக் கிளம்பிய சிறுவன் வாயிற்படி தாண்டுமுன் திரும்பிவிடுவதுபோல், அது உடனே பழைய இடத்திற்கே வந்துவிடுகிறது. பெற்ற சக்தி வெறும் ஒளிர்வாகவும் வெப்பமாகவும் கழிந்துபோகிறது. வாயிலில் காத்திருந்து கையைப் பிடித்து அழைத்துச் செல்ல ஒரு துணை வேண்டும்.

அத்தகைய துணை அப்போதுதான் கிடைத்திருந்தது. அறுபது கரி அணுக்கள் சேர்ந்து பந்துபோல் அமைந்த புல்லரீன் என்னும் மூலக்கூறு 1985-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தாராளமாகத் தயாரிக்கும் வழி 1990-ல் தெரிந்தது. எலெக்ட்ரானை விரும்பி ஏற்பது அதன் சுபாவம். ஸெர்தாரும் அவருடைய தோழர்களும் அதைப் பாலிமருடன் கலந்து ஒளியைப் பாய்ச்சினார்கள். தனித்திருந்தபோது நன்கு ஒளிர்ந்த பாலிமர் இப்போது ஒளியவிந்து நின்றது!

அறியாதவர் கண்ணுக்கு அது தோல்வியாகவே தோன்றியிருக்கும். அவர்களோ காரணத்தை ஆராய்ந்தார்கள். திரும்பி வந்து ஒளிர வேண்டிய எலெக்ட்ரானைப் புல்லரீன் பறித்துக்கொண்டுவிட்டது! ஒரு விநாடியை லட்சங் கோடிப் பங்காக்கினால், அதில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்தில் இப்பறிப்பு முடிந்துவிடுகிறது. அது திரும்பி வருவதோ பன்மடங்கு நிதானம். அந்த இடைவேளையில் எலெக்ட்ரானை வெளியே இழுத்துக்கொண்டால் அதுவே மின்சாரம். 1992 நவம்பரில் இம்முடிவு வெளியாயிற்று. ஸெர்தாருக்கு அப்போது வயது 31.

கதை அத்துடன் முடியவில்லை. 1996-ல் அவர் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் பௌதிக ரசாயனப் பேராசிரியரானார். அங்கே அவருடைய குழு 2001-ல் செய்துகாட்டிய பாலிமர்த் தகடு, விழுந்த ஒளியில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கையே மின்சாரமாக்கியது. கண்டுபிடிப்புக்கும் இந்த இரண்டரைக்கும் நடுவே ஒன்பது ஆண்டுகள்! இன்று ஆராய்ச்சிச் சாலைகளில், புல்லரீனுக்குப் பதில் வேறு துணைகளைக் கொண்டு, நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேலும் பெறுகிறார்கள்.

ஸிலிகனை உருக்க 1,400 டிகிரிக்கு மேல் வெப்பம் வேண்டும். பாலிமரையோ மையைப்போல் கரைத்து மெல்லிய தாளில் அச்சிட்டுவிடலாம். ஆயினும் ஒரு குறை இருக்கிறது. எந்த வெயிலுக்காகப் பிறந்ததோ, அந்த வெயிலும் காற்றுமே பாலிமரை நாளடைவில் சிதைத்துவிடுகின்றன. கூரைமேல் பல்லாண்டு உழைப்பதில் ஸிலிகனுக்கு அது இன்னும் ஈடாகவில்லை. இக்குறையை நீக்கும் பொறுப்பு இன்றைய இளம் ரசாயனிகளைச் சேர்ந்தது.

இதைக் கேட்டபின் பிள்ளைகள் கம்பி உறையை மறுபடியும் ஒருமுறை உற்றுப் பார்க்கிறார்கள். நேற்றுச் சொன்னது பொய்யாகிவிடவில்லை என்பதை அறிந்துகொள்கிறார்கள். பரிசோதனை எதிர்பார்த்தபடி ஒளிராவிட்டால், குறிப்பேட்டை மூடாமல் ஏனென்று கேட்கவேண்டும் என்பதையும் அவர்கள் மனத்தில் கொண்டால், என் பாடம் பலித்தது என்று கொள்வேன்.