விளிம்பைக் கடக்கும் புள்ளி

அமெரிக்காவில் அரிசோனாவுக்கும் கலிபோர்னியாவுக்கும் எல்லைக்கோடாக ஓடும் கொலராடோ நதியைப் பார்க்கர் அணை மறித்ததனால் 1938-இல் உருவாகிய ஹவாசு ஏரியின் கரையில், கோடைக்காலத்து ஞாயிற்றுக்கிழமை மாலையில் சற்று நேரம் நின்று பார்ப்பவர்களுக்கு, பௌதிக சாஸ்திரத்தின் முதற்பாடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரத்தியட்சமாய் நடந்தேறும். பகல் முழுவதும் நீரின்மேல் தட்டானைப் போலத் தாவித் திரிந்த ஜெட் ஸ்கை என்னும் நீர்வாகனம், கரை தட்டிய மாத்திரத்தில் படுத்துக்கொண்ட எருமையைப் போல அசைய மறுக்கிறது. அதைப் பிக்-அப் டிரக்கின் பின்தொட்டிக்குள் ஏற்றியாக வேண்டிய இருவரும், மறுநாள் வேலைக்குப் போகும் அவசரத்தில், முதலில் அதன் முனையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்கிறார்கள். பிறகு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள்.

மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் மண்ணில் விழுந்து அடிபட்ட கிளேட்டன் ஜேக்கப்சன் என்பவர், விழத்தான் வேண்டுமென்றால் நீரில் விழலாமே என்று எண்ணியதன் பயனாகப் பிறந்தது, இந்த வாகனத்தில் நின்றுகொண்டு ஓட்டும் வகை. 1970-களின் தொடக்கத்தில் கவாசாகி நிறுவனம் அதற்கு ஜெட் ஸ்கை என்று பெயரிட்டு விற்கத் தொடங்க, அந்தப் பெயரே பிற்காலத்தில் உட்கார்ந்து ஓட்டும் பெரிய யந்திரங்களுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஆயினும் டிரக்கில் ஏற்றுகிறவனுக்கு இரண்டும் ஒன்றல்ல. நின்று ஓட்டும் வகையில் பழைய சூப்பர்ஜெட் என்னும் மாதிரி போன்றது சுமார் 140 கிலோ எடையும் 2¼ மீட்டர் நீளமும் உடையது. மூன்று பேர் உட்காரும் பெரிய வகையோ பெரும்பாலும் 350 கிலோவைத் தாண்டி, மூன்றேகால் மீட்டருக்கு மேல் நீளும். டிரக்கின் தொட்டி ஐந்தரை, ஆறரை, எட்டு அடி என்ற அளவுகளில் வருவதாகையால், பெரிய யந்திரத்தை அதில் திணிக்க முயல்வது வீண் பிடிவாதம் என்பதே என் அபிப்பிராயம். அதற்கு டிரெய்லர்தான் முறை. சிறியதற்கு மட்டும், டிரெய்லரை நிறுத்த இடமில்லாதவர்களும், டிரெய்லரோடு பின்னோக்கி ஓட்டும் கலை கைவராதவர்களும் தொட்டியை நாடுவதில் நியாயம் உண்டு.

எரிபொருளும் உள்ளே தேங்கிய நீரும் சேர்ந்து யந்திரம் 160 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பின்கதவைத் திறந்து கிடத்தினால் அதன் உயரம் தரையிலிருந்து ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். நேராகத் தூக்குவதற்கு நான்கு பேர் வேண்டும், ஆனால் 2.4 மீட்டர் நீளமுள்ள சாய்பலகை ஒன்று இருந்துவிட்டால், உராய்வை ஒதுக்கிப் பார்க்கையில், 60 கிலோ எடைக்குச் சமமான விசை போதும். எண்ணெய்ப் பீப்பாயை இரண்டு சட்டங்களின்மேல் உருட்டி லாரியில் ஏற்றும் நம் ஊர்ச் சுமைதூக்குவோர் கணக்குப் போடாமலே அறிந்திருக்கும் இந்த விஷயத்தை, 1586-இல் சைமன் ஸ்டெவின் என்ற பிளாண்டர்ஸ் தேசத்து அறிஞர் ஓர் அழகிய கற்பனையால் நிறுவினார். ஒரு பக்கம் மறுபக்கத்தைப் போல் இருமடங்கு நீண்ட முக்கோணத்தின்மேல் 14 குண்டுகள் கோத்த மாலையொன்றைத் தொங்கவிட்டால், நீண்ட சரிவில் நான்கும் குறுகிய சரிவில் இரண்டும் அமர, ஏனையவை கீழே தொங்கும். மாலை தானாகச் சுழலத் தொடங்குமாயின் அது என்றென்றும் ஓயாமல் சுழல வேண்டியிருக்கும், அது அசாத்தியம், ஆகவே நான்கும் இரண்டும் சமன் என்பதே அவருடைய வாதம்.

உராய்வை ஒதுக்கினோம், அது நம்மை ஒதுக்குவதில்லை. பலகையில் கம்பளம் ஒட்டி, உராய்வுக் கெழு 0.3 என்று கொண்டால், இன்னும் 44 கிலோவுக்குரிய விசை கூடுகிறது. பலகையில் உருளைகளைப் பதிப்பவர்களும், தொட்டியின் முகப்பில் கையால் சுற்றும் வின்ச் ஒன்றைப் பொருத்துபவர்களும் இந்தக் கூடுதலோடுதான் போராடுகிறார்கள்.

ஏரிக்கரையில் புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் பிழை ஒன்று உண்டு. படகு இறக்கும் சிமெண்டுச் சரிவில் டிரக்கைப் பின்னோக்கி இறக்கி, வால் நீரை நோக்கி நிற்கும்படி வைத்து, நீரிலிருந்து நேராக ஏற்றிவிடலாம் என்று நினைக்கிறார்கள். நூற்றுக்குப் பதினைந்து சரிவில், அதாவது எட்டரை பாகைச் சாய்வில், டிரக்கும் தரையும் சேர்ந்தே சாய்வதால், சமதளத்தில் 22 பாகையாயிருந்த பலகை இப்போது முப்பதரை பாகையாகி, வேண்டிய விசை 60-இலிருந்து 81 கிலோவாக ஏறிவிடுகிறது. அதே டிரக்கைத் திருப்பி, மூக்கு பள்ளத்தை நோக்கவும் வால் மேட்டை நோக்கவும் நிறுத்தினால் பலகை பதின்மூன்றரை பாகையாகத் தணிந்து, 37 கிலோ போதும் என்றாகிறது. பலகை அதுவே, யந்திரம் அதுவே. மாறியதெல்லாம் டிரக்கின் முகம். யந்திரத்தை இரண்டு சக்கரத் தள்ளுவண்டியில் வைத்து மேட்டுப் பக்கம் சுற்றிக் கொண்டுவரும் சிரமம் இதற்கு விலையென்றாலும், அனுபவசாலிகள் அந்த விலையை மகிழ்ச்சியோடு கொடுக்கிறார்கள். ஆனால், சாய்ந்த பலகைமேல் ஒரு பாரத்தைத் தள்ளும்போது பலகை டிரக்கை முன்னோக்கி உந்துகிறது. பள்ளத்தை நோக்கி நிற்கும் டிரக் அரை அடி நகர்ந்தாலும் பலகையின் தலை விளிம்பிலிருந்து நழுவி விழும். கைப்பிரேக்கும், சக்கரத்துக்கு அடைகல்லும், பலகையைத் தொட்டியோடு பிணைக்கும் சங்கிலியும் இல்லாமல் இந்த உபாயத்தில் இறங்கலாகாது.

எனினும் அபாயத்தின் உச்சம் எடையிலும் இல்லை, சரிவிலும் இல்லை. பின்கதவின் விளிம்பில் இருக்கிறது. யந்திரத்தின் புவியீர்ப்பு மையம் என்ற கண்ணுக்குத் தெரியாத புள்ளி அந்த விளிம்பை அடையும்வரை தள்ளுகிறவர்கள் முழுப் பலத்தோடு தள்ளியாக வேண்டும். அப்போது யந்திரத்தின் கனம் பெரும்பாலும் ஒரே கோட்டின்மேல் தங்கி, மெல்லிய கண்ணாடியிழை அடிப்பாகம் கிரீச்சென்று முனகும். அந்தப் புள்ளி ஒரு விரற்கடை கடந்ததுதான் தாமதம், யந்திரம் ஏற்ற இறக்கப் பலகையைப் போல மூக்கை இறக்கி வாலை உயர்த்துகிறது. இதுவரை எதிர்த்து நின்ற கனம் திடீரென்று மறைய, தள்ளியவருடைய கைகள் வெறும் காற்றைத் தள்ள, அவர் பலகைமேல் குப்புற விழுகிறார். இறக்கும்போது இதே கதை தலைகீழாக நடக்கிறது: இழுத்தாலும் வராமல் அடம்பிடித்த பாரம், அந்தப் புள்ளி வெளியே வந்த க்ஷணத்தில் இழுத்தவரையே துரத்தத் தொடங்குகிறது. ஆகையால் பலகையின் நேர்கோட்டில் ஒருவரும் நிற்கக்கூடாது.

ஏற்றி முடித்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு, பெரிய காரியம் முடிந்துவிட்டதாக நினைப்பது இயல்பு. உண்மையில் அவர்கள் செலவிட்ட ஆற்றல், உராய்வு நீங்கலாக, சுமார் 1,400 ஜூல். அந்த யந்திரம் நெடுஞ்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றலோ 50,000 ஜூல், ஏறக்குறைய 35 மடங்கு. முன்னால் போகும் வண்டி சட்டென்று நின்றால் அவ்வளவையும் தாங்கப்போவது யந்திரத்தைத் தொட்டியோடு கட்டியிருக்கும் இரண்டு மூன்று பட்டைகள்தான். நைலான் பட்டை நனைந்தால் இளகி நீளும். பாலியெஸ்டர் அவ்வாறு நீளுவதில்லை என்பதால் ராட்செட் வைத்து இறுக்குவதற்கு அதுவே உகந்தது. தட்டையாக இழுத்துக் கட்டிய பட்டை வேகமான காற்றில் வண்டைப் போல ரீங்கரித்து அதிர்ந்து, நாளடைவில் தன்னையே தேய்த்துக்கொள்ளும். கட்டுமுன் அதை ஒரே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டால், ஒவ்வோர் அங்குலமும் காற்றை வெவ்வேறு கோணத்தில் எதிர்கொள்வதால், எல்லாப் பகுதியும் ஒருமித்து ஆட வழியின்றி அந்த ஓசை அடங்கிப்போகிறது. 1940-இல் டக்கோமா தொங்குபாலத்தை ஆட்டி உடைத்த காற்றின் விளையாட்டுக்கும் இதற்கும் நெருங்கிய உறவு உண்டு.

புறப்படுமுன் ஒரு கடமை பாக்கியிருக்கிறது. உக்ரைனின் நீப்பர் நதிப் பிரதேசத்தைச் சேர்ந்த குவாக்கா என்னும் விரல்நகம் அளவேயான சிப்பி, வட அமெரிக்கப் பேரேரிகளில் குடியேறிய பின், சாலைவழி சென்ற படகுகளைத் தொற்றிக்கொண்டு பாலைவனத்தையும் கடந்து, 2007-இல் மீட் ஏரியிலும் அதையடுத்து ஹவாசுவிலும் காணப்பட்டது. அதன் கண்ணுக்கெட்டாத குஞ்சுகள் யந்திரத்தினுள் தேங்கிய ஒரு குவளை நீரிலும் உயிரோடு பிரயாணம் செய்யும். ஆகவே ஏற்றிக் கட்டிய பிறகு டிரக்கைத் திருப்பி, முன்பு வேண்டாமென்று விலக்கிய அதே நிலையில், மூக்கு மேட்டை நோக்க, வால் நீரை நோக்க நிறுத்துகிறார்கள். யந்திரத்தின் பின்புறத்து அடைப்பான்கள் இரண்டையும் திருகிக் கழற்றியதும், முதலில் கொப்பளித்தும், பிறகு விரல் தடிமன் தாரையாகவும், கடைசியில் சொட்டுச் சொட்டாகவும் ஏரியின் நீர் பின்கதவின் விளிம்பு வழியே சிமெண்டுச் சரிவில் இறங்கி ஓடுகிறது. பாலைவனத்து வெயிலில் அதன் தடம் கரைக்குப் போய்ச் சேருமுன்பே பாதி காய்ந்துவிடுகிறது.