கெல்லிவில்லிலிருந்து ஒரு நகருலா

வார இறுதி என்பது எம்மவரில் பலருக்கு ஓய்வு நாளன்று. மேலதிக வேலை, பிள்ளைகளின் தமிழ்ப் பாடசாலை, கோவில், பிறந்தநாள், செத்த வீடு என்று இரண்டு நாட்களும் கரைந்துவிடும். எஞ்சும் நேரத்திலும், ஊரிலே உறவுகள் அல்லலுற நாம் இங்கு உல்லாசமாகச் சுற்றுவதா என்றொரு உறுத்தல். "நாங்கள் சிட்னியிலே இருக்கிறோமா, கெல்லிவில்லிலே மட்டும் இருக்கிறோமா?" என்று மகள் ஒருநாள் கேட்டபோது எம்மிடம் விடையிருக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமையே அம்மம்மாவையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். 2019 மே மாதம் கெல்லிவில்லுக்கு வந்த சாரதியில்லா மெற்றோ ரயில், 2024 ஆகஸ்ட் முதல் துறைமுகத்தின் அடியாக நகர மையம் வரை ஓடுகின்றது. ஒரு மணி நேரத்துக்குள் மார்ட்டின் பிளேஸ். அங்கிருந்து டொமெயின் புல்வெளியூடாக நடந்தால் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம். பொது நுழைவுக்குக் கட்டணமில்லை. சில சிறப்புக் கண்காட்சிகளுக்கு மட்டுமே பணம். எம்மைப் போன்ற குடும்பங்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

கலைக்கூடத்தின் புதிய கட்டடம் 2022 டிசம்பரில் திறக்கப்பட்டது. 'நாலா பாடு' என்பது அதன் பெயர். நீரைப் பார்த்தல் என்று இம்மண்ணின் ஆதிமொழியிற் பொருள். உள்ளே நுழைந்ததும் முதலில் எம்மை எதிர்கொள்வது ஆதிக்குடிகளின் கலைக்கென ஒதுக்கப்பட்ட 'யிரிபானா' கூடம். நிலம் பறிக்கப்பட்ட மக்கள் தம் நிலத்தையே வண்ணங்களால் எழுதி வைத்திருக்கின்றனர். எமக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இக்கலைக்கூடத்தின் சேகரிப்பில் 17 புக்குமணிக் கம்பங்கள் உள்ளன. இறந்தோர் நினைவாகப் புதைகுழியருகே நடப்படும் மரத்தூண்கள் இவை. மெல்வில் தீவின் திவிக் கலைஞர்கள் 1958இல் இவற்றைச் செதுக்கினர். இவை கலைதானா என்று அக்காலத்தில் வாதிட்டவர்களும் உண்டு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தோம். நடுகல் என்ற சொல்லை விளக்க வாயெடுக்குமுன் அம்மம்மா மெல்லச் சொன்னார்: "எங்கடை ஆக்களிலை எத்தினை பேருக்கு ஒரு கல்லுகூட இல்லை." பிள்ளைகள் முதன்முறையாக, இறந்துபோன மாமாவைப் பற்றி அவரிடம் கேட்கத் தொடங்கினர். வீட்டிலே இத்தனை ஆண்டுகளும் எழாத கேள்வி அது.

மாலையில் தாவரவியற் பூங்காவினூடாக ஒப்பரா மாளிகையை அடைந்தோம். டென்மார்க் நாட்டவரான யோர்ன் உற்சன் வடிவமைத்து, 1973இல் திறக்கப்பட்ட மாளிகை. அப்பால் 1932இல் திறக்கப்பட்ட பாலம். விளக்குகள் ஏற, நீரிலே ஒளி நெளிந்தது. இரவு வாழ்க்கை என்றதும் எம்மவர் மதுச்சாலையையே நினைக்கின்றனர். படிக்கட்டில் அமர்ந்து காற்று வாங்கவும், வீதிப் பாடகரின் பாட்டைக் கேட்கவும் காசு வேண்டாம்.

பின்னர் ஜோர்ஜ் வீதி வழியே ட்ராமில் ஹேமார்க்கெட் சீனர் பட்டினம். மலேசியக் கடையொன்றில் தேங்காய்ப்பால் மணக்கும் லக்சா. ஒரு கரண்டி சுவைத்த அம்மம்மா, "சொதியிலை உறைப்பு கூடிப்போச்சு" என்று தீர்ப்பளித்தார். கிண்ணத்தையோ மிச்சம் வைக்கவில்லை. கொத்துரொட்டிதான் வேண்டுமென்போர் ஹோம்புஷ், பென்டில் ஹில் பக்கம் போகலாம்.

சென்ட்ரலில் மெற்றோ ஏறியதும் பிள்ளைகள் தூங்கிவிட்டனர். அம்மம்மா மட்டும் விழித்திருந்து மாமாவின் பள்ளிக்கூடக் கதைகளை எமக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். உறுத்தல் முற்றாக நீங்கிவிட்டது என்று கூறமாட்டோம். ஆயினும் மகிழ்ந்திருத்தல் மறந்திருத்தல் ஆகாது என்பதை அன்று அறிந்துகொண்டோம். வாசகர்களே, அடுத்த வார இறுதியில் ஒரு நாளை உங்கள் முதியோருக்கும் பிள்ளைகளுக்குமாக ஒதுக்கிப் பாருங்கள்.