வீரர் கையெழுத்தும் அதன் பாதுகாப்பும்

புகழ்பெற்ற விளையாட்டு வீரர்கள் கையெழுத்திட்ட மட்டை, பந்து, ஜெர்ஸி, நிழற்படம் முதலியன பல வீடுகளிலும், பள்ளிகளிலும், விளையாட்டுக் கழகங்களிலும் போற்றி வைக்கப்பட்டுள்ளன. மட்டை பல தலைமுறைகள் நிலைத்திருக்கக் கூடும். ஆனால் அதற்கு மதிப்பைத் தருவது அதன்மேல் படிந்துள்ள மெல்லிய மைப்படலமே. அம்மை மறைந்துவிட்டால் எஞ்சுவது கடையில் கிடைக்கும் மற்றொரு மட்டைதான். இத்தகைய பொருளைப் பலரும் காண வேண்டும் என்னும் ஆவலால் வெளிச்சம் மிகுந்த சுவரில் மாட்டுகின்றனர். அந்த வெளிச்சமே அதற்குப் பெரும்பகை.

மையின் இயல்பு

மைகள் யாவும் ஒரே தன்மையுடையன அல்ல. மாசிக்காயின் துவர்ப்புப் பொருளும் அன்னபேதியும் சேர்ந்த பழைய எழுத்து மை, காற்றுப்பட்டுக் கறுத்துத் தாளில் ஊன்றி நிற்கும். எளிதில் கழுவத்தக்க நீல மை, ஊற்றுப் பேனாவால் எழுதப்பட்டதாயினும் விரைவில் வெளிறும். பந்துமுனைப் பேனாவிலும் மார்க்கர் பேனாவிலும் உள்ள மைகளில் பல, சாயங்களைக் கரைத்துச் செய்யப்பட்டவை. வெளிச்சம் பட்டால் சாய மூலக்கூறுகள் சிதைந்து நிறம் இழக்கின்றன. ‘பர்மனென்ட்’ என்று மார்க்கர் பேனாவின்மேல் எழுதியிருப்பது, நீர்பட்டாலும் எளிதில் அழியாது என்பதையே குறிக்கும். வெளிச்சத்தில் மங்காது என்பதற்கு அது உறுதியன்று. கரையாத நிறமித் துகள்களால் ஆன மை இவற்றைவிட நெடுங்காலம் நிற்கும்.

வெளிச்சத்தின் கணக்கு

வெளிச்சத்தால் விளையும் கேடு நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போவது. இருளில் வைத்தால் மேலும் வளராது, ஆனால் இழந்த நிறம் திரும்பி வாராது. எளிதில் மங்கும் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் அளவு வெளிச்சத்தையே பரிந்துரைக்கின்றன. அவ்வெளிச்சத்தில் நாளொன்றுக்கு 8 மணி வீதம் ஓராண்டு வைத்தால், பொருளின்மீது விழுவது 1,46,000 லக்ஸ்-மணி. சன்னலுக்கருகே பகலில் 1,000 லக்ஸும் அதற்கு மேலும் இருப்பது இயல்பு. அங்கே இதே அளவு வெளிச்சம் 18 நாள்களில் விழுந்துவிடும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி ஓரளவு உதவும். எனினும் கண்ணுக்குப் புலப்படும் ஒளியும் சாயத்தைச் சிதைக்கவல்லது. ஆதலால், நல்ல நிழற்படப் பிரதி ஒன்றைச் சுவரில் மாட்டி, மூலத்தை இருளில் வைத்து, விழா நாள்களில் மட்டும் வெளியே எடுப்பதே சிறந்த முறை.

பொருளுக்கேற்ற முறை

நிழற்படம்: படத்தின் முகம் சட்டத்தின் கண்ணாடியைத் தொடலாகாது. மழைக்காலத்தில் படத்தின் மேற்பூச்சு ஈரத்தை உறிஞ்சிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அமிலமற்ற அட்டையால் ஓரம் கட்டி இடைவெளி விட வேண்டும். பின்புறத்தில் செய்தித்தாளோ மட்டமான அட்டையோ வைத்தால், அதன் அமிலம் படத்தைப் பழுப்பாக்கும்.

மட்டை: கையெழுத்தின்மேல் ஆளிவிதை எண்ணெய் பூசினால் மை பரவும். ஓட்டுக் கூரையின் கீழ் உயரமான இடத்தில் வைத்தால், வெப்பத்தால் மரம் உலர்ந்து வெடிக்கும்.

பந்து: காற்றடைத்த தோற்பந்து முற்றும் சப்பினால் தோல் மடிந்து மை உதிரும், முழுக்காற்று அடைத்தால் தையல் விரியும். உருவம் நிற்குமளவு காற்றே போதும். கிரிக்கெட் பந்தின் மெருகில் மை ஆழமாக ஊன்றுவதில்லை. கையெழுத்தைத் தொடாமல் எடுக்க வேண்டும்.

ஜெர்ஸி: சலவை செய்யலாகாது. ஆணியிலோ கொக்கியிலோ தொங்கவிடாமல், பலமுறை துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியை மடிப்புகளுக்குள் வைத்துத் தட்டையாகப் பரப்பி வைக்கலாம்.

ஈரமும் பூச்சியும்

காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காட்டுக்கு மேல் பல நாள்கள் நீடித்தால் பூஞ்சணம் படரும். கடலோரப் பகுதிகளிலும் மழைக்காலத்திலும் இது கருதத்தக்கது. வெளிச்சுவரில் மாட்டும் சட்டத்தின் பின்மூலைகளில் தக்கைத் துண்டுகளை ஒட்டினால் காற்று புகுந்து வரும். எஃகு அலமாரியில் சிலிக்கா ஜெல் வைத்து, அதன் நிறம் மாறும்போது சூடாக்கி உலர்த்தி மீண்டும் வைக்கலாம். இராமபாணப் பூச்சி, கறையான் ஆகியவற்றைக் கண்டறிய மாதம் ஒருமுறை பார்வையிடுதல் நன்று. பாச்சை உருண்டை சிலவகைப் பிளாஸ்டிக்குகளை இளகச் செய்யுமாதலால், அதைப் பொருளோடு சேர்த்து வைத்தலாகாது.

தவிர்க்க வேண்டியவை

லேமினேஷன் செய்த பொருளை மீண்டும் பிரித்தெடுப்பது அரிது. ஒட்டு நாடா பழுத்துக் கறை விடும். மென்மையான பி.வி.சி. உறை மையைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை தக்கது. வார்னிஷ் பூசினால் மை கரையக்கூடும். மங்கிய கையெழுத்தின்மேல் மீண்டும் எழுதினால் அது வீரரின் கையெழுத்தாக இராது.

வகுப்பறையில் ஒரு சோதனை

ஒரு வெள்ளைத் தாளில் ஐந்து வகைப் பேனாக்களால் ஒரே சொல்லை எழுதச் செய்க. ஒவ்வொரு சொல்லிலும் பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் விழும் சன்னலில் நான்கு வாரம் வைக்க. மூடியை நீக்கியதும் எம்மை நிலைத்தது, எம்மை மங்கியது என்பதை மாணவர் தாமே அறிவர். களப்பணியாளர்கள் ஊர்க் கழகங்களில் இத்தாளையே காட்டி விளக்கலாம்.

பதிவேடு

இவ்வளவும் செய்த பின்னரும் ஒன்று குறைந்தால் பயனில்லை. 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஹாக்கியில் தங்கம் வென்ற மூத்த பல்பீர் சிங், தம் பதக்கங்களையும், மெல்போர்னில் அணிந்த அணித்தலைவர் மேலங்கியையும், அரிய நிழற்படங்களையும் காட்சிக்கு வைப்பதற்காக 1985-ஆம் ஆண்டில் பொது அமைப்பொன்றிடம் அளித்தார். 2012-ஆம் ஆண்டில் தேடியபோது அவை கிடைக்கவில்லை. அவற்றை மீண்டும் காணாமலே 2020-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

அவற்றை நாடு இழந்தது வெளிச்சத்தாலன்று, பூச்சியாலுமன்று. ஆதலின் ஒவ்வொரு பொருளுக்கும் எண்ணிட்டு, அதன் நிழற்படம், கையெழுத்திட்டவர் பெயர், நாள், இடம், தந்தவர், பெற்றவர், வைத்துள்ள இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, பொறுப்பு மாறும்போதெல்லாம் இருவரும் ஒப்பமிட வேண்டும். எண்ணைப் பொருளின்மேல் எழுதாமல், துணி நாடாவில் எழுதிக் கட்டலாம். ஒரு குறிப்பேடும், இருண்ட அலமாரியும், மாதம் ஒருமுறை அரைமணி நேரமும் இருந்தால், வரும் தலைமுறை அக்கையெழுத்தைக் கண்ணாரக் காணும்.