ஒயின் போடச் சொன்ன அண்ணனுக்கு, ஷார்ஜாவிலிருந்து

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் லண்டன் அண்ணன் ராஜ்ஜியம்தான். பெரியம்மா மகன். ஹாரோ பக்கம் கவுன்சிலிடம் வாடகைக்கு எடுத்த துண்டு நிலத்தில் காய்கறி போடுகிறார். 'அலாட்மென்ட்' என்பார்கள். முழுத் துண்டு என்றால் பத்து 'ராட்', அதாவது சுமார் 250 சதுர மீட்டர். இந்தக் காலத்திலும் அங்கே அந்தப் பழைய கணக்குதான். அண்ணனுக்குக் கிடைத்தது அதில் பாதி. அதற்கே வருஷக்கணக்காகக் காத்திருந்தார்.

தக்காளி, பீன்ஸ், முழங்கை நீளத்துக்கு கூர்ஜெட் என்று தினம் ஒரு படம் வரும். 2025 ஆகஸ்ட்டில் புதிதாக ஒன்று வந்தது. பெரிய கண்ணாடிக் குடுவையில் கருஞ்சிவப்பாக ஏதோ நுரைத்துக்கொண்டிருக்கிறது. வேலியோரம் காய்த்த பிளாக்பெர்ரியில் போட்ட ஒயின். கீழே ஒரு குரல் செய்தி: "டேய் தம்பி, நாலரை லிட்டர், ஆறு பாட்டில் தேறும். நீயும் போட்டுப் பாரேன். அங்கதான் பேரீச்சம்பழம் கொட்டிக் கிடக்குமே!"

அண்ணன் விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் இதற்குப் பதில் சொல்ல ஒரு குரல் செய்தி போதாது. லண்டனிலும் டொரன்டோவிலும் வளர்ந்த நம் பிள்ளைகளுக்கும் வளைகுடா என்றால் துபாய் மால்தான் தெரிகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தோட்டம். அண்ணன் அறுவடை செய்யும் அந்த வாரத்தில் என் எட்டாவது மாடி பால்கனியில் உயிரோடு இருந்தவை மூன்று: ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு துளசி. மற்ற தொட்டிகளில் காய்ந்த மண்தான். வெயில் 44 டிகிரி. மொட்டைமாடித் தொட்டியில் நாளெல்லாம் காய்ந்த தண்ணீர், பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தால் கை சுடுகிற சூட்டில் வரும். கோடையில் இங்கே பலரும் ஹீட்டரை அணைத்துவிட்டு, வீட்டுக்குள் ஏ.சி. குளிரில் இருக்கும் அந்த ஹீட்டர் தண்ணீரில்தான் குளிப்பார்கள். வெந்நீர்க் குழாயில் குளிர்ந்த நீர், பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர். வந்த புதிதில் இது தெரியாமல் மத்தியானம் குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றி ஒரு வெண்டைச் செடியை அவித்துக் கொன்றேன். இப்போதெல்லாம் முந்தின ராத்திரியே வாளியில் பிடித்து வீட்டுக்குள் வைத்துவிடுகிறேன்.

இந்த ஊரின் காலண்டரே தலைகீழ். லண்டனில் கோடைக் கடைசி என்றால் அறுவடை, இங்கே விதைப்புக்கு ஆயத்தம். அதற்கு ஒரு நட்சத்திரக் கணக்கு இருக்கிறது. ஆகஸ்ட் 24 வாக்கில் விடியலுக்கு முன் தெற்கு அடிவானத்தில் 'சுஹைல்' தெரிய ஆரம்பிக்கும். அது வந்துவிட்டால் வெயிலின் முதுகு முறிந்தது என்பது அரபு நாட்டவர் நம்பிக்கை. ராத்திரி குளிரத் தொடங்கும், தோட்டக்காரர்கள் மண்ணைக் கிளற ஆரம்பிப்பார்கள். சுஹைல் என்பது வேறு ஒன்றும் இல்லை, கனோபஸ் என்ற விண்மீன். நாம் அகத்தியர் நட்சத்திரம் என்று சொல்கிறோமே, அதே ஆள்தான். பொதிகை மலை முனிவர் இங்கே பாலைவனத்தில் விதைப்புக்கு நாள் குறித்துத் தருகிறார் என்று தெரிந்தபோது, உண்மையைச் சொன்னால், எனக்குச் சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் நடுவில் தக்காளி விதை, அக்டோபரில் நாற்று மாற்றுவது, டிசம்பரிலிருந்து மார்ச் வரை அறுவடை. கீரை, முள்ளங்கி, கத்தரி, அவரை எல்லாம் நன்றாக வரும். மண் மட்டும் காசு கொடுத்து வாங்க வேண்டும். இங்கே கீழே கிடப்பது வெறும் மணல். நர்சரியில் உர மூட்டையும் தேங்காய் நார்க் கட்டியும் கிடைக்கும். எட்டாவது மாடிக்குத் தேனீ வராது. சுரைக்கும் பாகலுக்கும் ஆண் பூவை எடுத்துப் பெண் பூவில் நாமே தடவ வேண்டும். ஸ்டாண்ட்-அப் மீட்டிங் தொடங்குமுன் நான் பால்கனியில் பெயின்ட் பிரஷ்ஷோடு நிற்பதைப் பார்த்து எதிர் வீட்டு எகிப்துக்காரர் என்ன நினைக்கிறாரோ!

கோடைக் கடைசியில் இங்கே உண்மையான அறுவடை ஒன்று உண்டு. அண்ணன் சொன்ன பேரீச்சைதான். ஜூன், ஜூலையில் பாதி கனிந்த 'ருத்தப்' வரும், செப்டம்பர் வாக்கில் முழுக்கக் காய்ந்த 'தமர்'. அல் ஐன் சோலைக்கு ஒரு முறை போய்ப் பாருங்கள். 1,47,000-க்கும் மேற்பட்ட பேரீச்சை மரங்கள். நிலத்தடி நீரைக் கால்வாய் வழியாகக் கொண்டுவந்து முறை வைத்துப் பாய்ச்சும் 'ஃபலஜ்' பாசனம். 2011-ல் அல் ஐனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இடுப்பில் கயிறு கட்டி ஏறும் தொழிலாளர்களைப் பார்த்தபோது எனக்கு உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகள்தான் நினைவுக்கு வந்தார்கள். கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் சாயங்காலத்துக்குள் கள். சீனி இருக்கும் இடத்தில் ஈஸ்ட் தன் வேலையைச் செய்யும். அதற்கு விசா தேவையில்லை. மனிதனுக்குத் தேவை.

அங்கேதான் சிக்கல். அண்ணன் நாட்டில் வீட்டு உபயோகத்துக்கு பீரும் ஒயினும் போட லைசென்ஸ் வேண்டாம்; பீருக்கு இருந்ததை 1963-லேயே எடுத்துவிட்டார்கள். அங்கும் சாராயம் காய்ச்சினால் குற்றம்தான். அமீரகத்தில் 2020 நவம்பர் முதல் 21 வயதுக்கு மேற்பட்டவர் வீட்டில் குடிப்பதற்காக வழக்கு இல்லை. ஆனால் அனுமதி இல்லாமல் தயாரிப்பதும் விற்பதும் குற்றம். அபுதாபியில் 2023 இறுதியில் உரிமம் பெற்று அங்கேயே பீர் தயாரித்து ஊற்றும் ஒரு கடை திறந்தார்கள் என்பதை வைத்து, வீட்டிலும் போடலாம் என்று சிலர் கிளம்பிவிடுகிறார்கள். அது வேறு, இது வேறு. நான் இருக்கும் ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. சவூதியில் 1952 முதல் தடை. 2024-ல் ரியாத்தில் ஒரு கடை திறந்தபோது அது முஸ்லிம் அல்லாத தூதரக அதிகாரிகளுக்கானதாக இருந்தது. குவைத்தில் 1964-ல் இறக்குமதியை நிறுத்தினார்கள். நம் ஊர் மட்டும் என்ன? தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி வீட்டில் ஒயின் போடுவதும் குற்றமே. கள் இறக்க 1987 முதல் தடை. கிறிஸ்துமஸ் வந்தால் குமரி மாவட்டத்தில் பாதி வீட்டில் இந்தக் குற்றம் நடக்கும்!

அந்தக் குமரி மாவட்டக் குற்றத்தை நாங்கள் ஒரு முறை துபாயில் செய்தோம்.

2013. டெய்ராவில் ஒரு பெட்ரூம் ஃப்ளாட், ஆறு பேர், ஆளுக்கொரு பெட் ஸ்பேஸ். நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர், அம்மா செய்வதுபோல் முந்திரிப்பழ ஒயின் போடுகிறேன் என்று கிளம்பினார். குமரியில் திராட்சைக்கு அப்படித்தான் பெயர். பெரிய ஊறுகாய் ஜாடி ஒன்றைப் பிடித்து, திராட்சையும் சீனியும் ஈஸ்டும் போட்டு மூடியை இறுக்கிவிட்டார். வாசம் வெளியே போகக்கூடாதாம். புளிக்கும்போது வாயு வரும், அதற்கு வழி விட வேண்டும் என்பது இன்ஜினியரிங் படித்த எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி இரண்டு மணிக்கு, என்னமோ சத்தம் வருகிறது என்று அவர் கட்டிலுக்கு அடியில் கை விட்டபோது ஜாடி வெடித்தது. முன்கையில் நீளமாக வெட்டு. ரத்தம் எது, ஒயின் எது என்று தெரியவில்லை.

பத்து நிமிட தூரத்தில் ஆஸ்பத்திரி. போகவில்லை. "சட்டையெல்லாம் நாறுது மச்சான், போலீஸுக்குச் சொல்லிருவாங்க, விசா போயிரும், தங்கச்சி கல்யாணம் இருக்கு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நாங்களும் தலையாட்டினோம். துண்டைச் சுற்றிக் கட்டி, அவரைக் குளிப்பாட்டி, டெட்டால் போட்டு அறையைக் கழுவி, வாட்ச்மேன் கதவைத் தட்டியபோது மூச்சு விடாமல் நின்று, காலை ஏழு மணிக்குத்தான் ஒரு கிளினிக்குக்குப் போனோம். பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று பொய் சொன்னோம். பதினொரு தையல். கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் அந்த ஐந்து மணி நேரத்தில் ஆள் போயிருப்பார்.

இதை இத்தனை வருஷம் ஜோக்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அண்ணனின் ஒயின் படம் வந்த அதே வாரத்தில் குவைத் செய்தி வந்தது. அதற்குப் பிறகு அந்த ஜோக்கைச் சொல்ல மனம் வரவில்லை.

கள்ளச்சாராயம் குடித்து 160 பேர் பாதிப்பு, 23 பேர் மரணம் என்று 2025 ஆகஸ்ட் நடுவில் குவைத் சுகாதார அமைச்சகம் அறிவித்தது. பெரும்பாலும் ஆசிய நாட்டுத் தொழிலாளர்கள். இந்தியர் சுமார் 40 பேர் ஆஸ்பத்திரியில் என்றது நம் தூதரகம். 51 பேருக்கு அவசர டயாலிசிஸ், 31 பேருக்கு வென்டிலேட்டர். சிலருக்குக் கண் பார்வை போனது. போலீஸ் 67 பேரைப் பிடித்தது. எங்கள் ஊர்க்காரர் குழுவில் ஒருவர் போட்டது: "குடிச்சான், செத்தான், இதுக்கு என்ன அனுதாபம்?" கீழே ஏழு கட்டைவிரல்.

அனுதாபம் இருக்கட்டும், விஷயத்தைப் பார்ப்போம். பழத்தையும் சீனியையும் புளிக்க வைத்தால் வருவது எத்தனால். பழத்தின் பெக்டினால் மெத்தனால் துளியளவு வரும், அதனால் ஆள் சாவதில்லை. கொல்வது தொழிற்சாலைக் கரைப்பானாகப் பயன்படும் மெத்தனால். மலிவு என்று அதைச் சாராயமென விற்கிறவர்கள்தான் கொல்கிறார்கள். 2023-ல் மரக்காணம் உள்ளிட்ட இடங்களில் 20-க்கும் மேற்பட்டோர், 2024 கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் செத்ததும் இதே விஷத்தால்தான். வீட்டு ஒயினும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் ரகசியமாகக் கைமாறும் பாட்டிலில் எது இருக்கிறது என்று குடிப்பவருக்கு எப்படித் தெரியும்? வாசம், நிறம், ருசி எதிலும் கண்டுபிடிக்க முடியாது.

மெத்தனாலின் கொடுமை அது காத்திருப்பதில் இருக்கிறது. முதலில் சாதாரண போதைதான். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள்தான், வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல், கண்ணில் மூடுபனி. உடம்புக்குள் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது. மருந்து இருக்கிறது: ஃபொமெபிசோல் ஊசி, அது இல்லாவிட்டால் டாக்டர் மேற்பார்வையில் எத்தனால், பிறகு டயாலிசிஸ். சீக்கிரம் போனால் பிழைக்கலாம், கண்ணும் தப்பலாம். தாமதித்தால் இல்லை. நாங்கள் டெய்ராவில் டெட்டால் போட்டுக் கழுவிக்கொண்டிருந்த அந்த ஐந்து மணி நேரம்தான் இங்கே உயிர்.

எனக்கு இன்று சம்பளம் இருக்கிறது. குடிக்க நினைத்தால் துபாயில் உரிமம் உள்ள கடையில், 2025 ஜனவரியில் திரும்ப வந்த 30 சதவீத வரியையும் கட்டி, சீல் உடைக்காத பாட்டில் வாங்க முடியும். லேபர் கேம்ப்பில் இருப்பவருக்கு அந்த விலை கட்டாது. குவைத்தில் யாருக்குமே அந்தக் கடை கிடையாது. அவர் குடித்தது தப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். மயங்கிக் கிடக்கும்போது ரூம்மேட்டுகள் போலீஸை நினைத்துப் பயந்து, மோர் கொடுத்துப் படுக்க வைத்தால், அந்தப் பயத்துக்கும் இந்தச் சாவில் பங்கு உண்டு. பயம் பொய்யென்று நான் சொல்லவில்லை. கேஸ் வரலாம், ஊருக்கு அனுப்பலாம். உயிரோடு அனுப்புவார்கள்.

எனவே நம் சங்கங்களும் ஊர்க் குழுக்களும் தீபாவளிக் கலைநிகழ்ச்சி போஸ்டருக்கு நடுவே இதையும் போடட்டும்: குடித்தவருக்குக் கண் மங்கினால், மூச்சு வாங்கினால், எதையும் மறைக்காமல் உடனே ஆம்புலன்ஸ். அமீரகத்தில் 998, குவைத்தில் 112. என்ன குடித்தார் என்பதை டாக்டரிடம் உண்மையாகச் சொல்லுங்கள். பாட்டிலில் மிச்சம் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். கூடவே குடித்தவர்கள் நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் அவர்களையும் அழைத்துப் போங்கள். நான் இதை எங்கள் குழுவில் போட்டேன். மூன்று கட்டைவிரல் வந்தது. போகட்டும்.

அண்ணா, அதனால்தான் பேரீச்சை ஒயின் போடவில்லை. உங்கள் பிளாக்பெர்ரி ஒயின் ஒரு வருஷம் கிடந்தால்தான் ருசிக்கும் என்றீர்களே, ஒரு பாட்டிலை எடுத்து வையுங்கள். அடுத்த கோடையில் லீவு போட்டு வருகிறேன். இங்கே தக்காளி விதை போட்டு ஐந்து நாள் ஆகிறது. நாற்றுத் தட்டை ராத்திரி வெளியே, பகலில் உள்ளே என்று தூக்கிக்கொண்டு திரிகிறேன். இன்று காலை இரண்டு மட்டும் முளைத்திருக்கின்றன. ஜனவரியில் படம் அனுப்புவது என் முறை.