பூனைக்கு ஒரு வேலி: கான்பெரா விதியும் அதன் பின்னுள்ள கணக்கும்

ஆஸ்திரேலியத் தலைநகரான கான்பெராவை உள்ளடக்கிய ஆட்சிப்பகுதியில், 2022 ஜூலை 1ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ பிறந்த எந்த வளர்ப்புப் பூனையையும் அதன் உரிமையாளர் தம் வீட்டு எல்லையைத் தாண்டித் தன்போக்கில் உலவ விடக்கூடாது என்பது இப்போது சட்டமாக உள்ளது. பூனையை வீட்டுக்குள் வைத்திருக்கலாம். கம்பிவலை அடைத்த முற்றத்தில் விடலாம். வாரிட்டுப் பிடித்தபடி வெளியே அழைத்துச் செல்லவும் தடையில்லை. நாயைத் தெருவில் அவிழ்த்து விடுவது குற்றம் என்பதை நெடுங்காலமாக ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம், பூனைக்கும் அதே விதியைப் பொருத்துவதற்கு இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டது என்பதே, பூனைக்கு மனித மனத்தில் இருக்கும் தனிச்சலுகையைக் காட்டுகிறது.

பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த விலங்கு எதுவும் இயல்பாக இல்லாதிருந்த அக்கண்டத்துக்கு, 1788இல் பிரிட்டிஷ் குடியேற்றக் கப்பல்களோடு பூனை வந்து சேர்ந்தது. அடுத்த ஒரு நூற்றாண்டுக்குள் அது ஏறத்தாழ முழுக் கண்டத்திலும் பரவிவிட்டது. ஐரோப்பியக் குடியேற்றத்துக்குப் பின் அங்கே 30க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள் அற்றுப்போயின. அவற்றுள் 20க்கும் மேற்பட்டவற்றின் அழிவில் பூனைக்குப் பங்கு உண்டு என்பது ஆய்வாளர்களின் முடிவு. அழிந்தவற்றில் பெரும்பாலானவை ஏறத்தாழ 35 கிராம் முதல் 5.5 கிலோ வரை எடையுள்ளவை என்பதால், அந்த எடையை உயிரியலாளர்கள் 'இடர் எடை வரம்பு' என்று குறிக்கின்றனர். பூனையும், அதன்பின் கொண்டுவரப்பட்ட நரியும் வசதியாக வேட்டையாடக்கூடிய அளவு ஏறக்குறைய இதுவே. பதுங்கிக் காத்திருந்து பாயும் இவ்வகை வேட்டைக்குப் பழகியிராத பேண்டிகூட், பில்பி போன்ற பைப்பாலூட்டிகளுக்கு, அதாவது குட்டியை வயிற்றுப் பையில் வைத்து வளர்க்கும் விலங்குகளுக்கு, அதைக் கண்டு அஞ்சி விலகும் இயல்பு போதிய அளவு உருவாகியிருக்கவில்லை.

இவ்வழிவில் பெரும்பகுதியைச் செய்தவை வீட்டுப் பூனைகள் அல்ல, மனிதரை அண்டாமல் காட்டிலும் பாலைவெளியிலும் தாமே இரைதேடி வாழும் பூனைகளே என்பது, கட்டுப்பாட்டை எதிர்ப்போர் முதலில் எடுத்து வைக்கும் வாதம். இதில் உண்மை இருக்கிறது. அத்தகைய பூனைகளின் எண்ணிக்கை, வறண்ட ஆண்டுகளில் 20 லட்சத்தை ஒட்டியும், மழை வளம் மிகுந்த ஆண்டுகளில் 60 லட்சத்துக்கு மேலும் இருக்கும் என மதிப்பிடப்பட்டுள்ளது. தனித்தனியாக எடுத்துக்கொண்டால், அவற்றில் ஒன்று கொல்லும் உயிர்கள் ஒரு வீட்டுப் பூனை கொல்வதைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனால் சாரா லெக், ஜான் வொய்னார்ஸ்கி, கிறிஸ் டிக்மன் முதலிய சூழலியலாளர்கள் முன்வைத்த கணக்கு இங்கேதான் திசை திரும்புகிறது. வெளியே உலவி வேட்டையாடும் ஒரு வளர்ப்புப் பூனை ஆண்டுக்குச் சராசரியாக 186 ஊர்வன, பறவை, பாலூட்டிகளைக் கொல்கிறது என்றும், அவற்றுள் 110 அந்நாட்டு இயல்வாழ் உயிர்கள் என்றும் 2020இல் வெளிவந்த அவர்களது மதிப்பீடு கூறியது. காட்டில் நான்கு சதுர கிலோமீட்டருக்கு ஒன்று என்ற அளவில் பூனை சிதறிக் கிடக்க, புறநகரில் அவை வீட்டுக்கு வீடு நெருங்கி வாழ்வதால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு நேரும் கொலையைக் கணக்கிட்டால் குடியிருப்புப் பகுதி காட்டைவிட ஏறத்தாழ 30 முதல் 50 மடங்கு மோசமானதாகிறது. காட்டில் இரை குறைந்தால் பூனையும் குறையும். புறநகர்ப் பூனைக்கோ தட்டில் உணவு தவறாது கிடைப்பதால், அரணையும் சிட்டும் அருகிப்போன பின்னும் அதன் எண்ணிக்கை குறைவதில்லை.

'எங்கள் பூனை எதையும் கொல்வதில்லை' என்று உரிமையாளர் பலர் மனமார நம்புவதற்கும் காரணம் உண்டு: கொன்ற இரையில் ஏறத்தாழ 15 சதவீதத்தையே பூனை வீட்டுக்குக் கொண்டுவருகிறது. கழுத்து மணி கட்டுவது பழைய யோசனை. ஆனால் தென்மேற்கு இங்கிலாந்தில் எக்சிட்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நடத்தி 2021இல் வெளியிட்ட சோதனையில், மணியால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் தென்படவில்லை. மாறாக, இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு கொடுத்தபோது வீட்டுக்கு வந்த இரை 36 சதவீதமும், நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாடியபோது 25 சதவீதமும் குறைந்தன. இவை மதிக்கத்தக்க குறைப்புகளே. ஆனால் எஞ்சும் பங்கைத் தாங்கும் வலிமை இரையினத்துக்கு இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்விக்கு இடத்துக்கு இடம் விடை மாறும் என்பதால், பூனைக் கட்டுப்பாட்டை உலகப் பொதுவிதியாக்க முயல்வது பிழையாகும். பூனையோடு பல நூற்றாண்டுகள் வாழ்ந்துவிட்ட பிரிட்டனில், பறவைகள் குறைவதற்குத் தோட்டப் பூனைகளே காரணம் என்பதற்குத் தெளிவான சான்று இல்லை என்பது, அங்குள்ள பறவைப் பாதுகாப்பு அரச கழகத்தின் நிலைப்பாடு. ஜெர்மனியின் வால்டார்ஃப் நகரமோ, தரையில் கூடு கட்டும் கொண்டை வானம்பாடியைக் காப்பதற்காக, இனப்பெருக்கக் காலத்தில் பூனைகளை வீட்டுக்குள் வைக்குமாறு 2022இல் ஆணையிட்டது; ஒரு சிறு பகுதிக்கும் சில மாதங்களுக்கும் மட்டும் பொருந்திய அவ்வாணை, எண்ணி விடக்கூடிய அளவு சிறுத்துவிட்ட ஒரு பறவைக் கூட்டத்தை முன்னிட்டு எழுந்தது.

நாள் முழுதும் அடைத்து வைப்பதா, இரவில் மட்டுமா என்பதில் ஆஸ்திரேலியாவிலேயே நீண்ட விவாதம் நடந்தது. விக்டோரியா மாநிலத்தின் ஷெர்புரூக் பகுதியில் 1991இலேயே இரவு ஊரடங்கு வந்துவிட்டது. இரவில் நடமாடும் சிறு பைப்பாலூட்டிகளுக்கு அது உதவுமேயன்றி, வெயிலில் குளிர்காயும் அரணைக்கும் பகலில் தரையில் மேயும் பறவைக்கும் அதனால் என்ன பயன்? பூனையின் குடலில் இனம்பெருக்கி அதன் மலத்தோடு மண்ணில் பரவும் டாக்சோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணியும் நேரம் பார்த்துப் பரவுவதில்லை. பேண்டிகூட் போன்றவற்றுக்கு அந்நோய் உயிர்க்கொல்லி.

அடைத்து வைப்பது பூனைக்கு இழைக்கும் கொடுமை என்ற எதிர்ப்பை எளிதில் தள்ளிவிட முடியாது. ஏறுவதற்கு உயரமும் கீறுவதற்குக் கட்டையும் விளையாட்டும் இல்லாத அறையில் பூனை பருத்துப்போகும், மன உளைச்சலுக்கும் ஆளாகும். எனவே விதியின் சுமை ஒருபங்கு உரிமையாளரின் நேரத்தின் மீதும் விழுகிறது. மறுபுறம், வாகனத்தில் அடிபடுதல், பிற பூனைகளோடு சண்டை, கடி வழியே தொற்றும் நோய்கள் ஆகியவை உலவும் பூனைக்கே நேர்வதால், கால்நடை மருத்துவர் பலர் கட்டுப்பாட்டைப் பூனையின் நலன் கருதியே ஆதரிக்கின்றனர். வெளியே திரிந்து பழகிய வயது முதிர்ந்த பூனையைத் திடீரென அடைப்பதுதான் உண்மையில் துன்பம் தருவது. குட்டியிலிருந்தே உள்ளே வளர்வது அவ்வாறன்று.

கான்பெரா விதி பிறந்த நாளைக் கோடாகக் கொண்டதன் பொருள் இங்கே விளங்கும். ஃபோர்டு, பானர் போன்ற சில புறநகர்களில் மட்டும் முன்பிருந்தே இருந்த முழுக் கட்டுப்பாட்டை ஆட்சிப்பகுதி முழுதும் விரித்தபோது, அச்சிறப்புப் புறநகர்களுக்கு வெளியே வாழ்ந்த பழைய பூனைகளுக்கு அரசு விலக்களித்தது. அரசியல் வகையில் இது புத்திசாலித்தனமான சமரசம்; ஆனால் நன்கு பேணப்படும் பூனை 15 ஆண்டுகளும் அதற்கு மேலும் வாழக்கூடியதாகையால், 2021ஆம் ஆண்டுக் குட்டி ஒன்று 2036 வரை சட்டப்படியே வேலி தாண்டலாம். அண்டை மாநிலமான நியூ சவுத் வேல்ஸின் 1998ஆம் ஆண்டுத் துணைவிலங்குச் சட்டமோ, இத்தகைய பொதுக் கட்டுப்பாட்டை விதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சி மன்றங்களுக்குத் தராமலே இயற்றப்பட்டது. ஆகவே, மாநில எல்லை ஓரத்துப் புதர்களில் வாழும் ஓர் அரணைக்கு, ஒரு பக்கத்து வீட்டுப் பூனை சட்டத்தால் அடைபட்டும் மறுபக்கத்து வீட்டுப் பூனை சட்டத்தின் தடையின்றியும் அண்டையராக அமைகின்றன.