எழுத்துக்கு மூன்றரை பென்ஸ்!

வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியது நம்ம தந்தி ஆபீஸ். எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்கியவர்களும் உண்டு. அதுவும் கல்லறையில்!

முதல் உலகப் போரில் (1914-18) செத்த வீரர்களின் கல்லறைகளைக் கவனிக்க, 1917-ல் பிரிட்டனில் ஒரு கமிஷன் அமைத்தார்கள். பிரான்ஸில் விழுந்த பிரிட்டிஷ் வீரனின் உடல் ஊருக்கு வராது. ஜெனரலானாலும் சிப்பாயானாலும் ஒரே அளவுக் கல். பணக்கார அப்பா தனியாக மண்டபம் கட்ட முடியாது. கறார் சட்டம்!

பெயர், படைப்பிரிவு, இறந்த தேதி எல்லாம் கமிஷன் செலவு. அடியில் குடும்பத்தார் ஒரு வரி சேர்க்கலாம். அதிகபட்சம் 66 எழுத்து. நடுவில் விடும் இடமும் கணக்கில் சேர்த்தி. கட்டணம், எழுத்துக்கு மூன்றரை பென்ஸ்.

பி.காம். படித்த கை சும்மா இருக்குமா? பெருக்கிப் பார்த்தேன். 231 பென்ஸ். போர் தொடங்கியபோது சாதா சிப்பாயின் சம்பளம் நாளைக்கு ஒரு ஷில்லிங், அதாவது 12 பென்ஸ். ஆக, மகனைப் பற்றி ஒரு வரி எழுத, அவனுடைய பத்தொன்பது நாள் சம்பளம்!

கூலி வேலை செய்கிற அம்மா என்ன செய்வாள், சொல்லுங்கள். 'அன்பு' என்பதை வெட்டுவாளா, 'மகனே' என்பதை வெட்டுவாளா? நல்லவேளை, பிற்பாடு 'இஷ்டப்பட்டால் கொடுங்கள்' என்று மாற்றினார்கள். நியூஸிலாந்து அரசோ, எல்லாரும் சமம் என்று சொல்லி அந்த வரியே கூடாது என்றுவிட்டது.

கமிஷனுக்கு வாசகங்கள் எழுதித் தந்தவர், பம்பாயில் பிறந்த எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங். அவர் மகன் ஜானுக்குக் கண்பார்வை சரியில்லை. பட்டாளம் வேண்டாம் என்றது. அப்பா விடவில்லை. லார்ட் ராபர்ட்ஸிடம் சிபாரிசு பிடித்துச் சேர்த்துவிட்டார். 1915 செப்டம்பரில் பிரான்ஸின் லூஸ் என்ற ஊரில் பையன் போய்விட்டான். பதினெட்டு வயது முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. உடல் கிடைக்கவில்லை.

பெயர் தெரியாத வீரர்களின் கல்லில், 'இவன் யாரென்று கடவுளுக்குத் தெரியும்' என்ற பொருளில் வாசகம் தந்தது அந்த அப்பாதான். 66 எழுத்துக்கும் கட்ட அவரிடம் காசு இருந்தது. எழுதத்தான் கல் இல்லை. 1936-ல் கிப்ளிங் இறந்தார். 1992-ல்தான் ஒரு கல்லில் ஜானின் பெயர் ஏறியது.

நம்ம சென்னை நந்தம்பாக்கத்திலும் இதே கமிஷனின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்களுக்கானது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மேலே இருப்பது பட்டாளத்து ரிக்கார்டு. சில கல்லில் கீழே சின்னதாக ஒரு வரி இருக்கும். அது அம்மாவோ அப்பாவோ பெண்டாட்டியோ எழுதி அனுப்பியது. அதையும் படித்துவிட்டு வாருங்கள், சார்.