கோதுமை பன்னில் கோதுமை எவ்வளவு?



விடியற்காலை 5 மணிக்கு நம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்திருக்கிறீர்களா? ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குப் போகும் அண்ணன்களும் அக்காக்களும் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்பார்கள். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பன். அந்தக் கூட்டத்தில் என் அக்காவும் ஒருத்தி. ஆனால் அவள் டீக்கடை கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் பன்னை வாங்க மாட்டாள். பாக்கெட்டில் வரும் கோதுமை சாண்ட்விச் பன்தான் வாங்குவாள். "இது மைதா இல்லடி, கோதுமை. சப்பாத்தி சாப்பிடுற மாதிரிதான்" என்பாள். நானும் அதை நம்பினேன்.

போன மாதம் அக்கா ஒரு ரத்ததான முகாமுக்குப் போனாள். ரத்தம் எடுப்பதற்கு முன் ஹீமோகுளோபின் பார்த்தார்கள். 9.2 தான் இருந்தது. ரத்தம் கொடுக்க 12.5 இருக்க வேண்டுமாம். "உனக்கே ரத்தம் பத்தலையேம்மா, காலையில என்ன சாப்பிடுவ?" என்று நர்ஸ் கேட்டிருக்கிறார். "கோதுமை பன்னுதான் சாப்பிடுறேன்" என்று சொன்னாளாம். வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அம்மா முகம் வாடிவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா பையில் இருந்த காலி பாக்கெட்டை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். புரியாததை அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்கிறேன்.

கோதுமை மணிக்குள் என்ன இருக்கிறது?

ஒரு கோதுமை மணியில் மூன்று பாகங்கள் உண்டு. மேலே உள்ள தோல் தவிடு. ஒரு ஓரத்தில் சின்னதாக இருப்பது முளை. நடுவில் வெள்ளையாக இருப்பது மாவுப் பகுதி. மணியில் நூற்றுக்கு சுமார் 83 பங்கு இந்த மாவுப் பகுதிதான். ஆனால் நார்ச்சத்து, இரும்புச்சத்து, பி வைட்டமின்கள் எல்லாம் பெரும்பாலும் தவிட்டிலும் முளையிலும்தான் இருக்கின்றன.

மணியை முழுசாக அரைத்தால் கோதுமை மாவு. தவிட்டையும் முளையையும் நீக்கிவிட்டு வெள்ளைப் பகுதியை மட்டும் அரைத்தால் மைதா. இரண்டும் கோதுமையில் இருந்துதான் வருகின்றன! நீக்கிய தவிடு எங்கே போகிறது தெரியுமா? மாட்டுத் தீவனக் கடைக்கு. சத்து மாட்டுக்கு, சக்கை நமக்கு!

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 100 கிராம் மாவுக்கு இப்படி இருக்கிறது:

நார்ச்சத்து: முழுக் கோதுமை மாவில் சுமார் 11 கிராம், மைதாவில் சுமார் 3 கிராம்.
இரும்புச்சத்து: முழுக் கோதுமை மாவில் சுமார் 4 மில்லிகிராம், மைதாவில் 2 மில்லிகிராமுக்கும் குறைவு.
புரதம்: இரண்டிலும் சுமார் 10 கிராம்.

புரதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் கவனியுங்கள். மைதாவை விஷம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சத்துக்காக என்று காசு கூடக் கொடுத்து வாங்கும்போது நாம் ஏமாறக் கூடாது இல்லையா?

பாக்கெட்டை எப்படிப் படிப்பது?

1. பாக்கெட்டின் பின்பக்கம் சேர்மானப் பொருள்களின் பட்டியல் இருக்கும். எந்தப் பொருள் எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி இது. ஆகவே முதல் பெயரைப் பாருங்கள்.

2. ஆங்கிலத்தில் 'ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர்' என்று போட்டிருந்தால் அது மைதா. 'வீட்' என்ற சொல் இருப்பதால் கோதுமை மாவு என்று நினைத்துவிடுகிறோம். 'ஹோல் வீட் ஃப்ளோர்' அல்லது 'ஆட்டா' என்று இருந்தால்தான் முழுக் கோதுமை மாவு.

3. பெயரிலோ படத்திலோ ஒரு பொருளைப் பெரிதாகக் காட்டினால் அது எத்தனை சதவீதம் என்று போட வேண்டும். அந்த எண்ணைத் தேடுங்கள்.

4. பழுப்பு நிறத்தைப் பார்த்து நம்பாதீர்கள். '150' என்று தொடங்கும் எண் இருந்தால் அது கேரமல் நிறம். சர்க்கரையைக் காய்ச்சிக் கருக்கினால் வரும் நிறம் போன்றது. அனுமதிக்கப்பட்டதுதான். ஆனால் நிறத்தில் சத்து இல்லை.

அக்காவின் பாக்கெட்டில் முன்பக்கம் கோதுமைக் கதிர் படம். பின்பக்கம் முதல் பெயரே ரீஃபைண்ட் வீட் ஃப்ளோர். கோதுமை மாவு அதற்குப் பிறகுதான். கூடவே 150-ம் இருந்தது.

ஒரு கணக்கு போடுவோம்

அண்ணாச்சி கடைத் தராசில் ஒரு பன்னை நிறுத்துப் பார்த்தேன். 60 கிராம். தண்ணீர், சர்க்கரை, எண்ணெய் எல்லாம் போக மாவு சுமார் 35 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் மைதா என்றால் இரும்புச்சத்து 0.6 மில்லிகிராம். முழுவதும் கோதுமை மாவு என்றாலும் 1.4 மில்லிகிராம்தான். நம் வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 30 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும் என்று 2020-ல் அதே நிறுவனம் சொல்லியிருக்கிறது. பையன்களுக்கு 22.

இந்தக் கணக்கைப் போட்டபோதுதான் எனக்குத் திக்கென்று இருந்தது. நல்ல கோதுமை பன் என்றாலும் அதை மட்டும் நம்பினால் ரத்தம் ஊறாது. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை என்று வந்திருக்கிறது. அதனால் இது என் அக்கா கதை மட்டும் இல்லை.

உங்களுக்குத் தெரியுமா?

டீயில் உள்ள ஒரு பொருள், நாம் சாப்பிடும் சாப்பாட்டில் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளாமல் தடுக்கிறது. பன்னை டீயில் தொட்டுச் சாப்பிட்டால் இருக்கும் கொஞ்சமும் போச்சு! கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை இவற்றில் உள்ள வைட்டமின் சி இரும்புச்சத்தை உடம்பில் சேர உதவுகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்?

பன் சாப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 5 மணி பஸ்ஸைப் பிடிப்பவர்கள் இட்லி ஊற்றிக்கொண்டிருக்க முடியாது. இப்போது எங்கள் வீட்டில் ராத்திரியே கொண்டைக்கடலையை ஊற வைத்து விடுகிறோம். அம்மா சுண்டல் செய்து எலுமிச்சை பிழிந்து டப்பாவில் போட்டுக் கொடுக்கிறார். சில நாள் கம்பங்கூழ். 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து உண்டு. டீயை அக்கா ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர் கொடுத்த மாத்திரையும் சாப்பிடுகிறாள். ஏனென்றால் 9.2-ஐச் சாப்பாடு மட்டும் சரி செய்யாது.

தோழிகளே, பள்ளியில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைச் சிலர் ஜன்னல் வழியாக வீசுவதை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு தடவை வீசியிருக்கிறேன். இனிமேல் மாட்டேன்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். இந்தச் சுவரிதழைப் படித்துவிட்டு இன்று வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு பாக்கெட்டையாவது திருப்பிப் பாருங்கள். முதலில் என்ன பெயர் இருக்கிறது என்று நாளைக்கு என்னிடம் வந்து சொல்லுங்கள்.



– 9ஆம் வகுப்பு மாணவி